கொடுத்துவிட்டு வாருங்கள், எழுதிக்கொண்டு வாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு இந்த நேரத்திலும் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

"பிள்ளைக்குச் சுகமில்லை என்றால், டாக்டரைப் பார்க்கும் முன் வீட்டில் மருந்து கொடுக்கலாமா, கூடாதா?" இதுதான் தலைப்பு. கொடுக்கலாம் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் சற்று முன் இங்கே நின்று மூன்று காரணம் சொன்னார். மருந்து கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், டாக்டருக்கு நோய் பிடிபடாது என்பது முதலாவது. பெற்றவர்களுக்கு அளவு தெரியாது என்பது இரண்டாவது. இன்று பாராசிட்டமால் கொடுக்கிற கை நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் என்பது மூன்றாவது.

முதல் காரணத்துக்கு வருகிறேன். "டாக்டர் கையில் பிள்ளை சுடச்சுட இருக்கணும்" என்ற நினைப்பு நம் பக்கத்தில் ரொம்ப இருக்கிறது. எழுமலையில் காலையில் 103 டிகிரி அடிக்கிறது. உசிலம்பட்டியில் பஸ் மாறி, மதுரைக்கு வந்து, கோரிப்பாளையத்தில் இறங்கி, பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நிற்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை கொதிக்க வேண்டுமாம், டாக்டர் பார்க்க வேண்டும் என்பதற்காக. அத்தனை நேரமும் பிள்ளை தண்ணீரைத் தொடாது, பால் குடிக்காது. போய்ச் சேரும்போது நாக்கு வறண்டு துவண்டு கிடக்கும்.

டாக்டர் என்ன பார்க்கிறார்? காதுக்குள் ஜவ்வு சிவந்திருக்கிறதா, தொண்டையில் சீழ் இருக்கிறதா, நெஞ்சில் என்ன சத்தம், வயிற்றில் கல்லீரல் கைக்குத் தட்டுப்படுகிறதா, தோலில் தடிப்பு உண்டா. இதில் எதைப் பாராசிட்டமால் அழிக்கும்? டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனையையோ மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையையோ அது மாற்றாது. வீறிட்டு அழுகிற பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் அழுகைச் சத்தம்தான் கேட்கும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும், மூச்சும் வேகமாகும். நிமோனியாவா என்று பார்க்க டாக்டர்கள் மூச்சைத்தான் எண்ணுகிறார்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். காய்ச்சல் தணிந்த பிறகும் மூச்சு இரைத்தால் அது நெஞ்சுக் கோளாறு என்று டாக்டருக்குச் சந்தேகம் வலுக்கும். அப்படியானால் மருந்து நோயை மறைத்ததா, காட்டிக்கொடுத்ததா? நடுவர் அவர்கள் யோசிக்க வேண்டும்.

அளவு தெரியாது என்றார்கள். உண்மை, பல வீடுகளில் தெரியாது. தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தானே இந்த மேடை? கேளுங்கள் தாய்மார்களே. பாராசிட்டமால் வயதுக்குக் கிடையாது, எடைக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பிள்ளையின் எடை அங்கன்வாடியில் எடுத்தது தாய் சேய் அட்டையில் இருக்கும். 10 கிலோ பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், 6 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம்.

கடையில் மூன்று விதமாக வருகிறது. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப் ஒன்று. 5 மில்லியில் 250 உள்ள சிரப் ஒன்று. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து மூன்றாவது. அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். பேர் ஒன்றுதான், டப்பாவும் பார்க்க ஒன்றுபோல்தான். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் கொடுக்க, 120 சிரப்பில் சுமார் 6 மில்லி ஆகும், 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. போன தடவை 120 வாங்கினீர்கள், இந்தத் தடவை கடைக்காரர் 250 கொடுத்தார், நீங்கள் பழைய கணக்கில் ஊற்றினால் மருந்து இரட்டிப்பு. சொட்டு மருந்தைத் "தங்கச்சி பாப்பாவோடது இருக்கே, ஊத்து" என்று 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம். இந்தத் தவறு ஓரிரு நாள் தொடர்ந்தால் கல்லீரல் கெடும். பிள்ளை மஞ்சளாகும் முன்னால் வெளியே பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் பயம். ஆகவே ஊற்றுவதற்கு முன் பாட்டிலில் "ஒவ்வொரு 5 மில்லியிலும்" அல்லது "ஒவ்வொரு மில்லியிலும்" என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடமே பிள்ளை எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று மூடியில் பேனாவால் எழுதி வாங்குங்கள்.

வீட்டு எவர்சில்வர் கரண்டியில் அளக்காதீர்கள். ஒரு வீட்டுக் கரண்டி 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். மருந்தோடு வரும் மூடி, அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கும், மேலே இனிப்புத் தண்ணீர், கடைசி வேளைக்குக் கெட்டியான மருந்து. பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்துக் கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்துப் பாலாடையால் தொண்டைக்குள் கவிழ்க்கும் பழக்கத்தை, அப்பத்தாமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

இன்னொன்று. சளி சிரப் பலவற்றில் பாராசிட்டமால் கலந்தே இருக்கிறது. காய்ச்சல் மருந்து தனியாக, சளி மருந்து தனியாக என்று கொடுத்தால் ஒரே மருந்தை இரு தடவை கொடுத்தவர் ஆவீர்கள். அந்தச் சளி, இருமல் சிரப்புகளை டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம் என்பதுதான் எங்கள் அணியின் நிலையும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப்பைக் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். இதைச் சொல்லும்போது வெட்கமாகவும் வேதனையாகவும் இருக்கிறது.

காய்ச்சல் முழுசாக இறங்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 103 இருந்தது 101க்கு வந்து, பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்டால் மருந்து வேலை செய்துவிட்டது. மருந்து கொடுத்தால் ஜன்னி, அதாவது காய்ச்சல் வலிப்பு, வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதற்கு ஆதாரம் இல்லை. நாம் கொடுப்பது பிள்ளை வலியில்லாமல் கிடக்கவும் நீர் குடிக்கவும்தான்.

வயிற்றுப்போக்குக்கு வருகிறேன். இங்கே "கொடுக்காதே" என்ற சொல் நேராக உயிரை எடுக்கும். பீச்சும் பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்காமல் டாக்டருக்காகக் காத்திருந்தால், டாக்டர் நரம்பு தேடி ஊசி குத்த வேண்டி வரும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, சின்னது 200 மில்லிக்கானது. பெரிய பொட்டலத்தில் டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று உத்தேசமாகப் போடுவார்கள். அது தப்பு, உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பலனில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கி, 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை போன பின்னும், 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் கிடைக்கும், துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். கடையில் பழப்படம் போட்ட அட்டைப்பெட்டி ஜூஸை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். அதில் சர்க்கரைதான் அதிகம், பேதி கூடும்.

மூன்றாவது காரணம், ஆன்டிபயாடிக். இங்கே எதிரணியோடு கை கோக்கிறேன். நோயை உண்மையில் மறைப்பது அதுதான். இரண்டு வேளை உள்ளே போய்விட்டால் டைபாய்டுக்கு எடுக்கும் ரத்தக் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். போன மாதம் அண்ணனுக்குக் கலக்கிய பாட்டிலில் மீந்தது என்று எடுப்பார்கள். தண்ணீர் கலக்கிய சிரப்புக்குப் பெரும்பாலும் ஒரு வாரம்தான் ஆயுசு. அதேபோல் காய்ச்சலுக்கு இபுபுரூபன், மெஃபெனமிக் அமிலம் இரண்டையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. அம்மை போட்ட வீட்டில் இதை இரு மடங்கு நினைவில் வையுங்கள். நிமெசுலைடு என்ற காய்ச்சல் மருந்தை 12 வயதுக்குள் கொடுக்க இந்தியாவில் 2011லேயே தடை போட்டாயிற்று. நெஞ்சுச் சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவதையும் நிறுத்துங்கள், கற்பூரம் பிள்ளைக்கு வலிப்பைக் கொண்டுவரும். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம்.

மருந்துப் பாட்டிலையே தொடாமல் ஓட வேண்டிய இடங்களும் உண்டு. 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் சொட்டு மருந்துகூட வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் விடாதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. எழுப்பினாலும் எழாத பிள்ளை, விலா உள்ளே இழுக்க மூச்சு வாங்கும் பிள்ளை, குடித்ததையெல்லாம் கக்கும் பிள்ளை, 8 மணி நேரமாக ஒன்றுக்குப் போகாத பிள்ளை, இவர்களுக்கும் அதே 108தான். டெங்குவில் மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விட்ட பிறகு கை கால் ஜில்லிட்டு வயிறு வலித்தால் அதுதான் கெட்ட நேரம். "காய்ச்சல் விட்டிருச்சு" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எதிரணி கேட்ட கடைசிக் கேள்வி: "கொடுத்ததைச் சொன்னால் டாக்டர் திட்டுவாரே?" திட்டட்டும் தாயே, ஒளிக்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: காய்ச்சல் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எந்த மருந்து, பாட்டிலில் போட்ட அளவு என்ன, எத்தனை மில்லி எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது. பாட்டிலையும் பைக்குள் போடுங்கள். "ஏதோ வெள்ளை மருந்து கொடுத்தோம்" என்றால், மறுபடி எப்போது கொடுக்கலாம் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தச் சீட்டை ஓ.பி. சீட்டோடு சேர்த்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.