தியாகராஜர் பெயரில் ஒரு பள்ளம்! அதன் தரை ஏன் அரித்துக் கிடக்கிறது?

வணக்கம்! திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் பெயர் புதன் கோளில் இருக்கிறது. நிஜமாகத்தான். சிங்கப்பூரிலும் ஆண்டுதோறும் ஆராதனை நடத்திப் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுகிறோமே, அதே தியாகராஜர்தான். புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் பெயரைத்தான் வைப்பது வழக்கம். வால்மீகிக்கும் காளிதாசருக்கும்கூட அங்கே இடம் உண்டு!

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நாசாவின் மெசஞ்சர் விண்கலம் 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிவந்து படமெடுத்தது. அவ்வளவுதான்.

[திரையில்: தியாகராஜர் பள்ளம், நிறம் கூட்டிய படம்]

இங்கே வீடியோவை நிறுத்திவிட்டு நன்றாகப் பாருங்கள். பள்ளத்தின் குறுக்களவு சுமார் 100 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கி வரை உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு! நடுவே செம்மை படர்ந்த ஒரு குழி. அது எரிமலை வெடித்த வாயாக இருக்கலாம். அதைச் சுற்றி, வெளிர்நீலத்தில் பளிச்சென்று, கரையான் அரித்த மாதிரி ஒழுங்கில்லாத சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? ஆங்கிலத்தில் ஹாலோஸ் என்கிறார்கள். ஆழம் சில பத்து மீட்டர்தான். விண்கல் விழுந்தால் சுற்றிலும் மேடு எழும்பும். இவற்றுக்கு அந்த மேடே இல்லை.

புதனில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. அப்புறம் தரை எப்படி அரிக்கும்?

பகலில் அங்கே 430 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். பாறையில் கலந்திருக்கும் ஏதோ ஒரு பொருள் அந்தச் சூட்டையும் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து பாய்ந்துவரும் மின்னூட்டத் துகள்கள்) தாக்குதலையும் தாங்காமல், உருகாமலேயே ஆவியாகிப் போகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். பிடிமானம் போனதும் மிச்சப் பாறை நொறுங்கி, குழி பக்கவாட்டில் விரிகிறது. இந்தக் குழிகளுக்குள் புதிய விண்கல் தழும்புகள் அநேகமாக இல்லை. அப்படியென்றால் இவை மிக இளையவை, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கலாம்! செத்த கோள் என்று நினைத்திருந்த இடத்தில் இது எவ்வளவு பெரிய செய்தி! கோள் ஆறிச் சுருங்கியதால் எழுந்த நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளச் செங்குத்துச் சரிவுகளும் அங்கே உண்டு. எனக்கு என்னவோ இந்தக் குழிகள்தான் பிடித்திருக்கின்றன.

சரி, ஆவியாகிப் போகும் அந்தப் பொருள் எது? கந்தகச் சேர்மங்கள் மீதுதான் சந்தேகம். மெசஞ்சர் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் கந்தகத்தை அங்கே கண்டது. 2018இல் புதனை நோக்கிக் கிளம்பிய பெபிகொலம்போ விண்கலத்தில் கனிமங்களை அடையாளம் காணும் அகச்சிவப்புக் கருவி இருக்கிறது. அது என்ன சொல்லும் என்று நினைக்கிறீர்கள்? கந்தகமா, வேறா? கமெண்டில் எழுதுங்கள்.