மாப்பிள்ளை வராத கல்யாணமா? ("மனமே!" அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும், மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்த புத்திசாலிகளுக்கும் வணக்கம். ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலில் நம்மை மிரட்டுவது வீடா, மனமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனம்தான். தலைப்பு முடிந்தது, எதிரணிக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "கடைசிப் பக்கம் வரைக்கும் பேய் முகம் காட்டவே இல்லை. இது மாப்பிள்ளை வராத கல்யாணம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணே, மாப்பிள்ளை வந்த பிறகுதான் எங்களுக்குப் பயமே ஆரம்பிக்கிறது!

பேய் முகம் காட்டாமலே என்ன நடக்கும் என்று கேளுங்கள். பேய் வீடு என்று பெயரெடுத்த ஹில் ஹவுஸில் தங்க வந்த கதாநாயகி எலினாரும், அங்கே கிடைத்த தோழி தியோடோராவும் ஒரே அறையில், தனித்தனிக் கட்டிலில். கும்மிருட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு, அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை. எலினார் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். வெளிச்சம் வருகிறது. பார்த்தால் தோழி அந்தக் கட்டிலில்! அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கையை?

சரியாக இந்த இடத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போனது. பக்கத்தில் படுத்திருந்தவர் கையைச் சட்டென்று பிடித்தேன். அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல்: "தீப்பெட்டியை எங்கே வச்சே?"

நடுவர் அவர்களே, ஆள் அங்கே, கை இங்கே! விடவும் பயம், பிடித்திருக்கவும் பயம். அந்தக் கை வேறு என்னைத் தட்டிக்கொடுக்கிறது. கரண்ட் வந்தது. என் மாமியார்! அவர் அறையில் புழுக்கமாம், வந்து படுத்துவிட்டார். பேயாக இருந்தால் கையை உதறிவிட்டு ஓடலாம். மாமியார் கையை உதற முடியுமா? விடிந்ததும் தெரு முழுக்கச் செய்தி: "என் மருமக என் கையைப் பிடிச்சாத்தான் தூங்குவா." எதிர்வீட்டு மருமகளுக்கு இன்றைக்கும் என் மேல் கோபம்.

அண்ணன் பெரிதாகச் சொன்ன தானே சாத்திக்கொள்ளும் கதவுகளுக்கு, கட்டியதே கோணல் என்று, அந்த வீட்டை ஆராய இவர்களை அழைத்த டாக்டர் மாண்டேகு கதைக்குள்ளேயே காரணம் சொல்லிவிடுகிறார். எலினாருக்கு யார் காரணம் சொல்வது? 32 வயது. 11 வருடம் நோயாளி அம்மாவுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்தே கழித்தவள். அம்மா போன பிறகு அக்கா வீட்டில், குழந்தையின் அறையில் ஒரு கட்டில். அவளுக்கென்று இருந்த இடம் அவ்வளவுதான். ஹில் ஹவுஸில் ஒரு ராத்திரி தடதடவென்று தட்டும் சத்தம். மற்றவர்கள் அலறுவார்கள். இவள் தூக்கக் கலக்கத்தில், "இதோ வரேம்மா" என்று எழுந்திருக்கிறாள்! அம்மா சுவரைத் தட்டிக் கூப்பிட்ட கடைசி ராத்திரியில் அவள் எழுந்து போகவில்லை. நிஜமாகவே தூங்கினோமா, கேட்டும் படுத்திருந்தோமா என்று அவளுக்கே தெரியாது. இதற்கு எந்தப் பூசாரி வேப்பிலை அடிப்பார், அண்ணே?

மணியடிக்காதீர்கள் ஐயா, ஒரே கேள்வி. ராத்திரியில் வீட்டுப் பெரியவர்கள் லேசாக முனகினாலும் முதல் ஆளாக எழுந்துபோகும் பெண்கள் மட்டும் கை தூக்குங்கள்.

போதும் அம்மா, இறக்குங்கள். நடுவர் பார்த்துவிட்டார். நன்றி, வணக்கம்.