அரைக்கால் கிலோ பருப்பு

(சேலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் அம்மாபேட்டை மளிகைக் கடைக்காரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். விலைவாசியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது, "பேராசிரியர் யாரும் கிடைக்கவில்லையா?" என்றுதான் கேட்டேன். "அவர் போன மாதமே பேசிவிட்டார், இந்த மாதம் நீங்கள்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் முன்வரிசையில் தெரிகிறீர்கள். பாக்கியைக் கேட்க மாட்டேன், பயப்படாமல் உட்காருங்கள்.

கையில் இருப்பது கடையின் பற்று நோட்டு. பொருள், அளவு, ரூபாய் என்று மாமனார் போட்டு வைத்த மூன்று பத்தி. மற்றக் கடைகளில் பொருளும் ரூபாயும்தான் எழுதுவார்கள். மாமனார் அளவையும் எழுதுவார். "ரூபாய் பொய் சொல்லும், படிக்கல் சொல்லாது" என்பார். அது வாடிக்கையாளரிடம் தகராறு வராமல் இருக்கச் சொன்னது. எனக்கு வேறு விதத்தில் உபயோகப்பட்டது.

எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற ஒரு குடும்பம். ஐந்து பேர். அந்த வீட்டுப் பெண் மொத்தமாக மாதச் சாமான் வாங்குவதில்லை, கூலி வருகிற அன்றைக்கு அன்றைக்கு வாங்குவாள். "அக்கா, இருபது ரூபாய்க்குத் துவரம் பருப்பு" என்பாள். கிலோ நூறு ரூபாய் இருந்தபோது இருபது ரூபாய்க்கு 200 கிராம் போட்டேன். கிலோ 160 ஆனபோது அதே இருபது ரூபாய்க்கு 125 கிராம். அதாவது அரைக்கால் கிலோ. ரூபாய்ப் பத்தியை மட்டும் பார்த்தால் அந்த வீட்டில் விலைவாசியே ஏறவில்லை. போன வருஷமும் இருபது, இந்த வருஷமும் இருபது. அளவுப் பத்தியில்தான் 75 கிராம் காணாமல் போயிருக்கிறது.

அந்த 75 கிராம் எங்கே போனது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "கொதிச்சு இறக்கறப்ப ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைச்சு ஊத்திடுவேன்க்கா. சாம்பார் கெட்டியாயிடும், பசங்களுக்குத் தெரியாது" என்றாள். மாமியாருக்குக்கூடத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாள். அரிசி ரேஷனில் இலவசமாக வருகிறது. பருப்பு போன இடத்தை அரிசி மாவு நிரப்பிவிட்டது. தட்டில் பார்த்தால் அதே சாம்பார். சத்து என்று பார்த்தால் சோற்றின் மேல் சோறு.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். விலை ஏறினால் வீட்டுச் செலவு ஏறும் என்று நினைக்கிறோம். கையில் கூடுதலாக இருக்கிறவர்களுக்குத்தான் செலவு ஏறும். இல்லாதவர்களுக்கு அளவு இறங்கும். அரசாங்கம் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கில், 2023-24இல், நகரத்துக் குடும்பம் செலவழிப்பதில் நூற்றுக்குச் சுமார் 40 ரூபாயும் கிராமத்தில் 47 ரூபாயும் சாப்பாட்டுக்குப் போகிறது. அது சராசரி. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பருப்பு ஏன் ஏறியது? நம் மாவட்டத்தில் விளைகிற துவரை நமக்குக் காணாது. கர்நாடகத்தில் கலபுரகிப் பக்கமும் மகாராஷ்டிரத்திலும் விளைந்து வர வேண்டும். அதுவும் போதாமல் மியான்மர், மொசாம்பிக், தான்சானியா என்று கப்பலில் வருகிறது. ஆடி முன்பின் விதைத்தால் மார்கழி, தையில்தான் அறுப்பு. 2023 ஆகஸ்ட்டில் நாடு முழுக்க மழை பொய்த்தது. 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது. தக்காளி ஏறினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் பாலக்கோடு, ராயக்கோட்டைக் காய் வந்து இறங்கிவிடும். அதற்குள் டிவிக்காரர்கள் மைக்கோடு உழவர் சந்தைக்கு வந்துவிடுவார்கள். 2023 ஜூலையில் தக்காளியை ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்கிற அளவுக்குப் போனது. பருப்பு ஏறினால் அடுத்த அறுப்பு வரைக்கும் இறங்காது. அதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

எண்ணெய் இன்னும் மோசம். நாடு சாப்பிடுகிற எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022இல் உக்ரைனில் சண்டை என்றார்கள், சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. அந்த ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மூன்று வாரம் கழித்துத்தான் விட்டது. 2024 செப்டம்பரில் நம் அரசாங்கமே இறக்குமதி வரியை ஏற்றியது. உள்நாட்டு எண்ணெய் வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று. காரணம் நியாயமானதுதான். ஆனால் மறுநாள் காலையில் லீ பஜார் மொத்தக் கடையிலிருந்து போன் வந்தது: "டின்னு ஏறிடுச்சு, பழைய ரேட்டுக்குக் குடுத்துடாதீங்க."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கடையில் அப்போது இருந்தது பழைய விலைக்கு வாங்கிய எண்ணெய். கவரில் அச்சடித்த விலைக்குக் கீழேதான் எப்போதும் கொடுப்போம், அதனால் ஏற்ற இடம் இருந்தது. ஏற்றினேன். அடுத்த சரக்கைப் புது விலைக்குத்தானே வாங்க வேண்டும், பணத்துக்கு எங்கே போவேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி சரி. ஆனால் 2025 மே கடைசியில் அந்த வரியைக் குறைத்தபோது அதே வேகத்தில் நான் இறக்கவில்லையே! "இருக்கிற சரக்கு தீரட்டும்" என்றேன். ஏற்றம் போனில் வருகிறது, இறக்கம் நடந்து வருகிறது. நடுவில் நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி.

அப்புறம் அரிசி வரி. இது பலருக்குத் தெரியாது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் பையில் அடைத்து, பெயர் ஒட்டி விற்கிற அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை இருந்தால் கிடையாது. உடனே ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 26 கிலோ சிப்பம் போட்டார்கள்! இன்றைக்கும் என் கடையில் 26 கிலோ மூட்டை அடுக்கி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள். ஒரே நேரத்தில் ஆயிரத்து ஐந்நூறு, ரெண்டாயிரம் எடுத்து வைக்க முடிகிறவர் வரியில்லாமல் தூக்கிப் போகிறார். ஐந்து கிலோ பை வாங்குகிறவர் வரி கட்டுகிறார். சில்லறையாக அளந்து வாங்கினால் வரி இல்லை, ஆனால் மூட்டை விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் நான் கூடுதலாக வைப்பேன். சிந்துகிறது, கவர் செலவு, எலி. எப்படிப் பார்த்தாலும் சின்ன அளவில் வாங்குகிறவர்தான் பெரிய விலை கொடுக்கிறார்.

ஏற்காட்டிலிருந்து மாதம் ஒரு தடவை ஒரு அம்மா வருவார். காபித் தோட்டத்து வேலை. மேலே கடையே இல்லையா என்றால், இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன சாமானுக்கு வண்டி வாடகையும் சேர்ந்துகொள்ளும். அவர் சின்ன வயதில் வீட்டுக் காட்டில் சாமையும் கேழ்வரகும் விளைந்ததாம். இன்றைக்குச் சாமை அரிசி என் கடையில் பொன்னியைவிட விலை கூட. "எங்க ஊட்டுச் சோறு இப்ப பணக்காரங்க சோறு ஆயிருச்சு" என்றார். 2025இல் காபி விலை உலகம் பூராவும் உச்சத்துக்குப் போனதே, அந்தச் சமயம் அவர் வாங்கியது சிக்கரி அதிகம் போட்ட தூள். "கொட்டை பறிக்கிறதும் நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார்.

ரேஷனைப் பற்றிக் குறை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குமே ஒரு அனுபவம் உண்டு. பருப்பு எப்போது வரும் என்று நாலு தடவை நடக்க விட்டார்கள். ஆனால் வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். ரேஷனில் பருப்பு போடுகிற வாரம் என் கடையில் பருப்பு ஓடாது. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் என்றால் யார் என்னிடம் வருவார்கள்? வர வேண்டாம். 2011இல் இலவச அரிசி வந்ததிலிருந்து, மாசக் கடைசியில் அரிசி கடன் கேட்டு வருகிறவர்கள் என் கடையில் ரொம்பக் குறைந்துவிட்டார்கள். மாமனார் காலத்து நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அரிசிதான். 1967 தேர்தலில் ஆட்சி மாறியதற்கு ரூபாய்க்கு மூன்று படி அரிசியும் ஒரு காரணம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்றைக்குப் பசி அரிசியில் இல்லை. மற்றதில் இருக்கிறது.

நடுவில் விலை குறைந்ததே என்று கேட்பீர்கள். ஆமாம். 2025 அக்டோபரில் உணவுப் பொருள் விலை முந்தைய வருஷத்தைவிட 5 சதவீதம் கீழே என்று செய்தியில் சொன்னார்கள். என் பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். 2023 அக்டோபரில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமான், அடுத்த அக்டோபரில் 10.87 சதவீதம் ஏறி 110 ரூபாய் 87 காசு. அதில் 5 சதவீதம் போனால் 105 ரூபாய் சொச்சம். ஆக, இறங்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. செய்தியில் 'குறைந்தது' என்று கேட்டுவிட்டு, என்னிடம் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு.

சரி, துவரம் பருப்பு நிஜமாகவே நன்றாக இறங்கியது. 110, 120க்கு வந்தது. அந்தத் தறிக்காரர் வீட்டுப் பெண் பழையபடி 200 கிராம் வாங்குவாள் என்று நான் எதிர்பார்த்தேன். வாங்கவில்லை. "அரைக்கால் கிலோ போடுங்கக்கா" என்றாள். அளவு அப்படியே நின்றது, ரூபாய் இருபதிலிருந்து பதினைந்துக்கு இறங்கியது. மிச்ச ஐந்து ரூபாய் குழுத் தவணைக்குப் போகிறது. விலை ஏறிய காலத்தில் பள்ளிக்கூடச் செலவுக்கு எடுத்த கடன் அது. இவள் ஒருத்தி மட்டும் இல்லை. கொலுசுப் பட்டறைக்குப் போகிற இரண்டு வீடுகளின் பக்கத்தையும் பார்த்தேன். வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிப் போன பிறகு அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அங்கேயும் பருப்பு இறங்கிய விலைக்கு அளவு ஏறவில்லை. அரிசி மாவு கரைத்த சாம்பாரே சாம்பார் என்று நாக்கும் பழகிப்போகிறது. ஒரே ஒரு கடையின் நோட்டு இது, ஊருக்கெல்லாம் கணக்கு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் என் கண் முன்னால் நடப்பது இது.

நோட்டை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். பெயர்களின் மேல் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன், நடுப் பத்தியை மட்டும் பாருங்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். கடையில் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார், எட்டரைக்குள் நான் போய் மூட்டைகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.