பதினாறு புள்ளிக்குள் எத்தனை கோலம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கலைஞரின் கற்பனையைக் கணினியில் மாதிரி செய்து பார்ப்பது கலையை அறிய உதவுமா, கலையைச் சிறுமைப்படுத்துமா என்பது தலைப்பு. உதவும் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "கோலம் கையில் வருவது, கணக்கில் வராது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நல்லது. அந்தக் கோலத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

நேர்ப்புள்ளி 4-க்கு 4 வையுங்கள். கம்பி, அதாவது புள்ளியைச் சுற்றி ஓடும் கோடு, ஒவ்வொரு புள்ளி இடுக்கிலும் குறுக்கே வெட்டிச் சாய்வாகவே ஓடி, ஓரத்தில் மட்டும் திரும்பினால் 4 தனிக் கம்பி வரும். 4-க்கு 6 என்றால் 2 கம்பி. 3-க்கு 5 என்றால் ஒரே கம்பி. வரிசைக்கும் பத்திக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கம்பி. கணக்கில் வராது என்றாரே, வந்துவிட்டது!

ஆனால் யாரும் அத்தோடு நிறுத்துவதில்லை. அந்த 16 புள்ளிக்குள் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே 24 இடுக்கு உண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று வழி: கம்பிகள் குறுக்கே வெட்டலாம், இரண்டு புள்ளியையும் தனித்தனியே வளைத்துத் திரும்பலாம், இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டு போகலாம். மொத்த வாய்ப்பு 3-ன் அடுக்கு 24, அதாவது 28 ஆயிரம் கோடிக்கும் மேல். இனி ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: கால் சுற்றுத் திருப்பினாலும் கோலம் மாறக்கூடாது. 24 இடுக்கும் நான்கு நான்காகச் சேர்ந்து 6 கூட்டமாகிவிடும். 3-ன் அடுக்கு 6, வெறும் 729.

இந்த 729-ஐயும் கணினி ஒரே மூச்சில் வரைந்து காட்டும். அதில் ஒன்று, எல்லா இடுக்கிலும் திரும்பிவிடும் கோலம்: 16 ஒற்றை வட்டம், தட்டில் அடுக்கிய இட்லி மாதிரி. இன்னொன்று, எல்லா இடுக்கிலும் அணைத்துப் போவது: வெளியே ஒரு கம்பி, உள்ளே புள்ளியே இல்லாத 9 வெற்று வளையம். இரண்டும் கொடுத்த விதியை மீறவில்லை. எந்த வாசலில் இதைப் போடுவார்கள்? அப்போதுதான் நிரல் எழுதியவருக்கு உறைக்கிறது, "புள்ளி இல்லாத வளையம் ஆகாது" என்று ஒரு விதி இருக்கிறதென்று. கைக்கு அது எப்போதும் தெரியும். வாய் சொன்னதில்லை. மாதிரி தோற்ற இடத்தில் அந்த விதி வெளியே வந்தது.

இன்னொரு சிக்கல். 4 கம்பியை ஒரே கம்பியாக்க வேண்டும். வெவ்வேறு கம்பிகள் வெட்டும் இடுக்கில் வழியை மாற்றினால் இரண்டு ஒன்றாகும். ஆக, குறைந்தது 3 இடத்தில் மாற்ற வேண்டும். சமச்சீர் கெடாதிருக்கவோ நான்கு நான்காகத்தான் மாற்ற முடியும். மூன்றிலேயே கம்பி ஒன்றாகியிருந்தால், நான்காவது மாற்றம் அதை மறுபடி இரண்டாக அறுத்துவிடலாம். ஒற்றைக் கம்பிக்கும் நாற்புற ஒழுங்குக்கும் உள்ள இந்த இழுபறியில்தான் போடுகிறவரின் சாமர்த்தியம் இருக்கிறது. கோலத்தை எட்ட நின்று வியப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

இது புதுமோகமும் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்துக்கு இலக்கண விதி எழுதிக் கட்டுரை வெளியிட்டது 1974-ல்.

எதிரணி நண்பர் ஒருவர் செயற்கை நுண்ணறிவு வரைந்த கோலப்படத்தைக் காட்டிச் சிரித்தார். கம்பி பாதியில் அறுந்திருந்தது, நானும் சிரித்தேன். அந்தச் செயலி ஆயிரமாயிரம் படத்தின் தோற்றத்தைப் பழகியது. கம்பி போகும் வழியை அதற்கு யாரும் விதியாகச் சொல்லவில்லை. விதியை வைத்துச் செய்யும் மாதிரிக்கு அந்தப் பழி சேராது.

வெண்பாவுக்கும் இதே கதைதான். ஒரு சீர் மா, விளம், காய் எதில் முடிகிறதோ, அதைப் பொறுத்தே அடுத்த சீரின் முதல் அசை நேரா, நிரையா என்று அமையும்; இதுதான் தளை: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்று. நேரிசை வெண்பாவுக்கு 15 சீர். சொற்பட்டியலிலிருந்து குலுக்கிப் போட்டு, தளை தட்டுவதைத் தள்ளும் நிரலை எவரும் எழுதலாம். அது முதலில் சறுக்குவது, சொல்லும் சொல்லும் சேரும் புணர்ச்சியில். "காற்று", "ஆடி" இரண்டையும் தனித்தனியே அலகிட்டால், அதாவது அசை பிரித்தால், தேமா, தேமா. மா முன் நேர் வந்து தளை தட்டும். சேர்ந்தால் "காற்றாடி", தேமாங்காய். இப்போது தளை தட்டவில்லை, ஆனால் அடியில் ஒரு சீர் குறைந்துபோனது. எனவே முதலில் புணர்த்திவிட்டு, பிறகு அலகிட வேண்டும். அதையும் சரிசெய்தால் தளை தட்டாத, பொருளே இல்லாத வெண்பாக்கள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றைக் கலை என்று எங்கள் அணி சொல்லவில்லை நடுவரே. யாப்பு முடிந்து கவி தொடங்கும் கோடு எது என்பதை அந்த மூட்டையை வைத்துத்தான் விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

மணி அடிக்கக் கை நீட்டுகிறீர்கள், தெரிகிறது. அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. அந்த 729-ஐயும் தாளில் அச்சிட்டுத் தருகிறேன். வாசலில் போடத் தகாதவற்றை அடித்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஏன் அடித்தீர்கள் என்று பக்கத்தில் எழுதித் தருவீர்களா?