கால் நொடியில் காசிமேடு

(தண்டையார்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பகுதிப் பிள்ளைகள் கூட்டிய கூட்டத்தில் பேசியது. திரையில் படம் காட்டிப் பேசிய இடங்களை மட்டும், படம் இல்லாமலும் புரியும்படி கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். விளக்கை அணைத்துவிடலாம். திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். என்ன தெரிகிறது?

புடவை பார்டர் என்கிறார் ஒரு தம்பி. பின்னாலிருந்து ஓர் அக்கா, மஞ்சள் அரைத்த அம்மி என்கிறார். இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கிறது. இது கொருக்குப்பேட்டை ஸ்டேஷனின் பெயர்ப்பலகை. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி கிளம்பி வேகம் பிடிக்கிற நேரத்தில், கேமராவுக்குள் ஒளியை விடுகிற கதவான ஷட்டரைக் கால் நொடி திறந்து வைத்து எடுத்தது. பலகையின் மஞ்சளும் அதிலிருந்த கறுப்பு எழுத்துகளும் இழுபட்டு, மஞ்சள் பட்டைக்குள் கறுப்பு இழைகளாக ஓடுகின்றன. மேலே உள்ள சாம்பல் நிறம் நடைமேடைக் கூரை. கீழே சிவப்பாக ஒரு கீற்று இருக்கிறதே, அது அங்கே நின்றிருந்த ஒருவரின் பை.

அந்தப் பலகையை நீங்கள் ஆயிரம் தடவை கடந்திருப்பீர்கள். அதன் மஞ்சளை எத்தனை தடவை பார்த்தீர்கள்? பெயரைப் படித்ததும் கண் நகர்ந்துவிடுகிறது. படிக்க முடியாமல் போகும்போதுதான் நிறம் முன்னால் வருகிறது.

பத்தொன்பது வயதில் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். பிலிம் காலம். அங்கே 'ஷேக்' என்பதுதான் பெரிய வசவு. 'படம் ஷேக் ஆயிடுச்சு' என்றால் அந்த ரோலுக்கான காசு நம் சம்பளத்தில் போகும். ஒரு மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில், ஃபிளாஷ் சார்ஜ் ஆவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டேன். தலையில் விளக்கு சுமந்து வந்தவர்கள் காணாமல் போய், விளக்குகள் மட்டும் வெள்ளைக் கோடுகளாக நெளிந்தன. நாதஸ்வரக்காரரின் முகம் இல்லை; நாதஸ்வரத்தின் அணசு, அதாவது அதன் விரிந்த வாய்ப்பகுதி மட்டும் ஒரு வளைவாக மின்னியது. முதலாளி அந்தப் பிரிண்டை இரண்டாகக் கிழித்துப் போட்டார். கல்யாண வீட்டுக்கு அது உதவாது, அவர் கோபம் நியாயம்தான். நான் குப்பையிலிருந்து ஒரு பாதியை எடுத்து வைத்துக்கொண்டேன். அணசு இருந்த பாதி. முழுப்படத்தைவிட அது நன்றாக இருந்தது. ஏன் நன்றாக இருக்கிறது என்று எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

வடசென்னையைப் படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். கேரம் போர்டு, குத்துச்சண்டைக் கையுறை, சாக்கடை ஓரத்துக் குடிசை, புகைபோக்கி. அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் பார்க்கிறவர் ஒரு நொடியில் 'வடசென்னை' என்று பெயர் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். அவர் தலையில் ஏற்கெனவே இருந்ததைத்தான் நம் படத்திலும் பார்த்தார். அப்படிச் சட்டென்று பெயர் சொல்லி முடித்துவிட முடியாத படங்கள் நம் ஊருக்கு வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு என்னிடம் இருக்கிற கருவிகள் இரண்டு: மெதுவான ஷட்டர், அப்புறம் எடுத்த படத்தின் ஓரங்களை நீக்குகிற வெட்டு.

'இது என்ன படம், ஒன்றும் புரியவில்லையே' என்று கேட்பவர்களிடம் நான் கோலத்தைக் காட்டுவேன். பதினைந்து புள்ளி வைத்து அம்மா போடும் சிக்குக்கோலம் எதைப் போலவும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. கோடு சரியாக வந்து சேர்ந்ததா என்றுதான் பார்க்கிறோம். இன்ன பொருள் என்று அடையாளம் தெரியாத அருவப் படத்தையும் அப்படிப் பார்த்தால் போதும்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

நம் இலக்கணத்தில் மாத்திரை என்று ஓர் அளவு உண்டு, பள்ளியில் படித்திருப்பீர்கள். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைப்பதை ஏறக்குறைய கால் நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 'க்' என்பது 1/8 நொடி, 'க' என்பது 1/4 நொடி, 'கா' என்பது 1/2 நொடி. பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வாயால் 'கா' என்று சொல்லிக்கொண்டே கேமராவை இடமிருந்து வலமாக இழுங்கள். கை தானாகவே அந்த நேரத்துக்குப் பழகிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பட்டனை அழுத்துவதற்கு முன்பே கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும், ஷட்டர் மூடிய பிறகும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்ற கையோடு அழுத்தினால் கோட்டின் முனையில் ஒரு முடிச்சு விழும். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நாம் போடுகிற கோட்டை அது அழிக்கப் பார்க்கும்.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைக் கணக்காகவும் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் மின்சார ரயில் நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. 1/500 நொடியில் எடுத்தால் ஷட்டர் திறந்திருக்கும்போது அது நகர்வது 2 சென்டிமீட்டர்தான். ஓரளவு தள்ளி நின்று எடுத்தால் படத்தில் வண்டி நின்றதுபோல இருக்கும், ஜன்னல் கம்பிகூடத் தெரியும். 1/4-ல் எடுத்தால் இரண்டரை மீட்டர். கம்பி, ஜன்னல், கதவில் தொங்குகிற ஆள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிறப்பட்டைகள் மட்டும் மிஞ்சும். நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் எடுக்க வேண்டும். அதில் எனக்குச் சமரசமே கிடையாது.

மெதுவான ஷட்டர் ஏதோ புதுப் பாணி என்று நினைக்கவேண்டாம். போட்டோ பிறந்ததே அப்படித்தான். 1838-ல் பாரிஸில், போட்டோ முறையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான டாகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய தெருவைப் படம் எடுத்தார். அப்போது பிலிம் கிடையாது, உலோகத் தகடுதான்; அதில் படம் விழப் பல நிமிடம் ஆயிற்று. பகல் நேரம், வண்டிகளும் மனிதர்களும் போய்க்கொண்டிருந்த தெரு, படத்திலோ காலி. ஓரமாக ஓர் ஆள் மட்டும் தெரிகிறார். ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்றவர் அவர். நின்றதால் பதிந்தார். நம் ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறந்தபோதும், ஒரு படத்துக்குப் பல நொடி என்பதுதான் வழக்கம். ஓடும் ரயில் தகட்டில் நிற்காது.

இந்த பாரிஸ் படத்தை நம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தினமும் பார்க்கலாம். அதிகாலை மீன் ஏலத்துக்குப் போங்கள். ட்ரைபாடைத் தூணோடு ஒட்டி, யார் காலிலும் இடறாமல் வையுங்கள். நான்கு நொடி திறந்து வையுங்கள். கூடை தூக்குகிறவர்கள், ஐஸ் தள்ளுகிறவர்கள், விலை கேட்டு அலைகிறவர்கள், எல்லோரும் புகையாகிப் போவார்கள். மீன் குவியலுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிற அம்மா மட்டும் கல் மாதிரி இருப்பார். என் அம்மாவும் அப்படி உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்தான். அந்தச் சந்தையில் காலை நேரம் எப்படிப் போகும் என்பதை, 1/500-ல் உறைய வைத்த எந்தப் படத்தைவிடவும் இந்தப் படம் சரியாகச் சொல்கிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் உண்மையான ஆவணப்படம்.

வெளிச்சம்தான் நமக்குப் பிரச்சினை. உச்சி வெயிலில் ஒளியுணர்வைக் குறைத்து ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துளையைச் சுருக்கி அபெர்ச்சர் எஃப் 22 வைத்தாலும் ஷட்டர் 1/50-க்குக் கீழே இறங்காது. அதற்கு மேல் திறந்தால் படம் வெளுத்துவிடும். கறுப்புக் கண்ணாடி மாதிரி என்டி ஃபில்டர் கிடைக்கிறது. எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை விடுகிற என்டி 8 போட்டால் 1/6 நொடி, என்டி 64 போட்டால் ஒரு நொடிக்குச் சற்று மேல். வாங்கக் காசில்லாதவர்கள் வெல்டிங் பட்டறையில் போடும் கறுப்புக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் பிடிக்கலாம். படம் பச்சையாக வரும், கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு சூரியனை நேராகப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். போன் வைத்திருப்பவர்கள் 'ப்ரோ' என்ற பகுதிக்குள் போனால் ஷட்டர் நேரத்தை மாற்றலாம். ஆனால் பெரும்பாலான போன்களில் அபெர்ச்சர் மாறாது. அதனால் விடியலும் அந்தியும்தான் போனுக்கு ஏற்ற நேரம்.

மீன்பிடித் தடைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பக்கத்துக்குப் பக்கம் பெயின்ட் வேலை நடக்கும். படகைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். புதுப் பெயின்டின் நிழல் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருக்கும். 1/500-ல் அது உடைந்த கண்ணாடிச் சில்லுகளாகத் தெரியும். அரை நொடியில் பட்டுபோல மடியும். நான் அங்கே பல வருடமாக எடுக்கிறேன். ஒரே படகு, ஒரே இடம். ஆனாலும் ஒரு படம் மாதிரி இன்னொன்று வந்ததில்லை.

இனி வெட்டு. நாம் 'க்ராப்' என்கிறோம்.

எடுக்கும்போதே சட்டத்தை முடிவு செய்ய வேண்டும், பிறகு வெட்டக்கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெயர் பெற்றவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே ப்ரெஸ்ஸோன். ஆனால் அவருடைய புகழ்பெற்ற படங்களில் ஒன்று, 1932-ல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் ஆளின் படம், ஓரம் வெட்டப்பட்டதுதான். வேலிப் பலகையின் இடுக்கு வழியாக எடுத்ததால் பலகையும் சேர்ந்து விழுந்துவிட்டது. வெட்டாமல் வேறு வழியில்லை.

வெட்டுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றுகூட இல்லை. தடித்த அட்டையில் 'ட' எழுத்துபோல இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகவும் பிடித்து எதிரெதிரே வைத்தால் ஒரு ஜன்னல் கிடைக்கும். பிரிண்டின் மேல் அந்த ஜன்னலைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, நகர்த்திப் பாருங்கள். இருட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்து நான் இப்படித்தான் செய்கிறேன். திரையில் இழுத்து இழுத்து வெட்டும்போது கண் அவசரப்படுகிறது. அட்டை அதை நிதானப்படுத்துகிறது.

எதை வெட்ட வேண்டும்? நான் முதலில் தேடுவது, பெயர் சொல்ல வைக்கிற மூலையை. எண்ணூர் விரைவுச்சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளை எடுத்தேன். சக்கரம் தெரிந்தால் அது லாரி. கம்பெனி எழுத்து தெரிந்தால் அது சரக்கு. இரண்டையும் வெட்டினேன். வானத்தையும் வெட்டினேன், வானம் இருந்தால் எது மேல், எது கீழ் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். மிஞ்சியது துருச் சிவப்பில் செங்குத்தான வரிகள், அதை அறுத்துக்கொண்டு ஓடும் மஞ்சள் விளக்குக் கோடு ஒன்று. படத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பினேன். இப்போது அது உழுத வயல் மாதிரி இருக்கிறது. வெட்டினால் படம் சின்னதாகிவிடுமே என்று பயம் வேண்டாம். 24 மெகாபிக்சல் படம் அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000. இரண்டிலும் பாதியாக வெட்டினாலும் 3000-க்கு 2000 இருக்கும். பத்து அங்குல அகலத்துக்குத் தெளிவாகப் பிரிண்ட் போடலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு இந்தக் கடைசிப் படத்தைக் காட்டாமல் போக முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எண்ணூர் கழிமுகத்தில் எடுத்தது. ஊதா, பொன், மயில்பச்சை, மெதுவாகச் சுழன்று ஒன்றுக்குள் ஒன்று போகிறது. தண்ணீர்மேல் படிந்த எண்ணெய். அந்தப் படலம் ஒளியின் அலைநீளம் அளவுக்கு மெல்லியதாக ஆகும்போது, அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து இந்த நிறங்களைத் தருகின்றன. தடிமன் மாறும் இடமெல்லாம் நிறம் மாறும். ஒரு நொடி திறந்து வைத்து எடுத்தேன். கரையை வெட்டினேன், படகை வெட்டினேன். நான் எடுத்தவற்றிலேயே அழகான படம் இதுதான் என்று நினைத்தேன், பெரிதாகப் பிரிண்ட் போட்டேன்.

எண்ணூரில் வலை வீசுகிற ஓர் அண்ணனிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். 'இதுல கரை எங்கப்பா?' என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க அவரும் மற்றவர்களும் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தவர்கள். வலை போனது, படகு கறுத்தது, மீன் விற்கவில்லை. நான் வெட்டி எறிந்த இடத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

படத்தின் பெயரை மறைத்தால்தான் ஊர் கண்ணில் படும் என்று இவ்வளவு நேரம் பேசினேன். ரயிலுக்கும் கன்டெய்னருக்கும் இன்னமும் அப்படித்தான் சொல்வேன். இந்தப் படத்துக்கு முடியாது. ஒருவருக்கு நேர்ந்த கேட்டை அவர் பெயரும் இடமும் இல்லாமல் அழகாக மட்டும் காட்டினால், அந்தக் கேட்டில் நானும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்கிறேன். அதனால் இப்போது எங்கே வைத்தாலும், பக்கத்திலேயே அதே அளவில் வெட்டாத முழுப்படத்தையும் வைக்கிறேன். கரை இருக்கிறது, கறுத்த படகு இருக்கிறது, வாளியோடு குனிந்திருக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள். கீழே இடமும் தேதியும் தமிழில் எழுதியிருக்கிறேன். கழிமுகம், குளம், சுடுகாடு, எரிந்த குடிசை, இப்படி எதை எடுத்தாலும் வெட்டாத கோப்பை அழிக்காமல் வையுங்கள்.

வாசலில் மேசைமேல் அட்டைத் துண்டுகள் வெட்டி வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை காலை நான்கு மணிக்குக் காசிமேட்டில் நிற்பேன். வருகிறவர்கள் போன் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். ஏலக்காரர்களிடம் முதலில் நான் பேசி அனுமதி கேட்கிறேன். அவர்கள் சரி என்றால்தான் கேமராவை எடுப்போம்.