முதல் வாரத்துக் கண்

நடுவர் அவர்களே, ராயபுரத்துப் பெருமக்களே, வணக்கம். அந்நிய நாட்டில் குடியேறியவருக்கு முதல் எண்ணம் வழிகாட்டுமா, வழிதவறச் செய்யுமா என்பது இன்றைய வழக்கு. பழகிய கண் மழுங்கிவிடும், புதிய கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றார் எதிரணி நண்பர். தெரியும், ஒப்புக்கொள்கிறேன். கண்டதற்குக் காரணம் என்ன என்பதுதான் அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

வேலை நிமித்தம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போன முதல் வாரத்தில், ரயில் நிலையக் குப்பைத்தொட்டிக்கு வெளியே, அதன் அடியை ஒட்டிக் காலி பாட்டில்கள் நிற்பதைக் கண்டேன். சுத்தத்துக்குப் பேர்போன ஊரில், தொட்டிக்குள் போடக்கூடச் சோம்பலா என்று மனத்துக்குள் ஏளனம் செய்தேன். நம் தெருமுனைத் தொட்டி அப்போது ஏனோ நினைவுக்கு வரவில்லை. பிறகு, உடன் வேலை பார்த்தவர் விளக்கினார்: ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம், காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும், பாட்டில் பொறுக்கிப் பிழைக்கும் முதியவர்கள் குப்பைக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டாம் என்றுதான் பலர் வெளியே வைக்கிறார்கள்.

குடிபெயர்ந்து போனவர் மட்டுமல்ல, வந்தவரைப் பார்ப்பவரும் இப்படித்தான் சறுக்குகிறார். 1960களில் பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியமர்ந்தவர்கள், முட்டைக்கோஸையும் நூடுல்ஸையும் கையால் பிசைந்து தந்த அத்தோவைக் கண்டு என் தாத்தா முகம் சுளித்தாராம். இன்று மாலையானால் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வண்டியைச் சுற்றி நிற்க இடமில்லை.

ஹாம்பர்க்கின் முதல் ஞாயிறுதான் என் பெரிய சறுக்கல். கடைகள் மூடிக் கிடந்தன, தெருவில் ஆளில்லை. ஞாயிறு விடியுமுன்னே காசிமேட்டில் வஞ்சிரத்துக்கு விலை பேசி வளர்ந்தவன் நான். "இது உயிரில்லாத ஊர்ம்மா" என்று அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். நான் கண் விழித்ததே பத்து மணிக்கு! அந்த ஊரின் மீன்சந்தையோ, 1703 முதல் நடந்து வருவது. ஞாயிறுதோறும் விடியலில் கூடி, கூவிக்கூவி விற்று, ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. இன்றும் நான் அங்கிருந்து மீன் வாங்கிப் படம் அனுப்பினால், அம்மா பதில் எழுதுவதில்லை. அந்தப் பழைய பதிவைத்தான் எனக்கே திருப்பி அனுப்புகிறார்.