சித்தி சொன்ன படம்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

திரையரங்கிலிருந்து வெளியே வருகிறவரிடம் நம் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி, "படம் எப்படி இருக்கு?" என்பதுதான். 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழில் பேசும் படம் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பதில்களுக்கென்றே ஒரு தனி மொழி உருவாகியிருக்கிறது. "ஒரு தடவை பார்க்கலாம்" என்றால் கொடுத்த காசு வீணில்லை, ஆனால் வீட்டுக்குப் போனபின் நினைவில் எதுவும் தங்காது என்று பொருள். "இடைவேளை வரைக்கும் போனதே தெரியலை" என்றால் இடைவேளைக்குப் பின்னால் ஏதோ கோளாறு. "பரவாயில்லை" என்பதன் பொருளை அகராதியில் தேடிப் பயனில்லை. சொல்கிறவர் அதை இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா என்று கவனிக்க வேண்டும். இந்தத் தனிமொழியைப் பற்றியும், ரசிகர்கள் தாங்கள் அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த வழக்கத்தை நான் கற்றுக்கொண்ட இடம் திரையரங்கு அன்று. முக்கூடலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊரில், எங்கள் வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொண்டேன். அந்தப் பகுதியில் அன்று பீடி சுற்றாத வீடுகள் குறைவு. காலைச் சமையல் முடிந்ததும் அம்மாவும் சித்தியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆளுக்கொரு சுளகை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்து உட்காருவார்கள். நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிப்பதும், தூளை வைத்துச் சுருட்டுவதும், நூலைச் சுற்றி முனையை மடக்குவதும் பார்க்காமலே நடக்கும். கைக்கு வேலை இருந்தது. காதுக்கு வேலை வேண்டியிருந்தது. அந்தக் காதுகளுக்குப் படம் சொல்வது சித்தியின் பொறுப்பு.

மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ சித்தி பக்கத்து ஊர்க் கொட்டகைக்குப் போய்விட்டு வருவாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் தொடங்கினால், பகல் சாப்பாடு வரைக்கும் படம் ஓடும். எந்த இடத்தை இழுத்துச் சொல்ல வேண்டும், எந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சண்டைக் காட்சிகளை "அடிச்சிக்கிட்டாங்க" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவாள். வானொலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த நேயர்கள், காட்சி கண்ணில் படாமலே ஒரு படம் மனத்துக்குள் ஓடும் அந்த அனுபவத்தை அறிவார்கள். சித்தி சொன்ன படமும் அப்படித்தான் ஓடியது. கூடுதலாக, அதில் சித்தியின் அபிப்பிராயமும் சேர்ந்து ஓடியது.

1978ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ‘முள்ளும் மலரும்’ சில மாதங்கள் கழித்துத்தான் எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தது. மகேந்திரன் இயக்கிய முதல் படம் என்பதோ, பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவு என்பதோ சித்திக்குத் தெரியாது. கதாநாயகன் காளி மின்நிலையத்தில் விஞ்ச் இயக்குகிறவன் என்பதை, "மலைமேல கயித்தக் கட்டிப் பெட்டிய இழுக்குமே, அத ஓட்டுதவன்" என்று விளக்கினாள். விபத்தில் ஒரு கையை இழந்து வீட்டுக்குத் திரும்பும் காளியை அவனுடைய தங்கை வள்ளி முதன்முதலாகப் பார்க்கிற இடம் வந்தபோது, சித்தி பீடி சுற்றுவதை நிறுத்தினாள். எதுவும் சொல்லாமல் தன் ஒரு கையை முந்தானைக்குள் செருகி மறைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். திண்ணையில் எந்தக் கையும் ஓடவில்லை. மடியில் சுளகு இருந்த ஒவ்வொருத்தியும் தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டதை, ஒன்பது வயதுச் சிறுவனாக அந்தத் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். கை போவது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தின் முடிவைப் பற்றிய வாக்குவாதம் பல நாள்கள் நீடித்தது. காளி கடைசியில் தங்கையை, தனக்குப் பிடிக்காத மேலதிகாரியான எஞ்சினியருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான். ஆனாலும் அந்த மனிதரைத் தனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்பதை அவரிடமே சொல்லிவிடுகிறான். "குடுக்கது குடுத்தாச்சு, அதுல என்ன வீறாப்பு?" என்று ஒருத்தி கேட்டாள். "பொய் சொல்லாமக் குடுத்தாம்லா, அதுதான் ஆம்பள" என்றாள் இன்னொருத்தி. என் அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தங்கச்சிக்கு அவன் கோவம் தெரியும், அதனால அவளுக்கு அது ஆசீர்வாதமாத்தான் கேட்டிருக்கும்" என்றார். இவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பின்னாளில் நானே அந்தப் படத்தைப் பார்த்தபோது அந்த இறுதிக் காட்சியில் என் அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது. இன்றளவும் அந்த முடிவைப் பற்றி அதைவிட நல்ல கருத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

படங்களைப் பற்றி எழுதுவதற்கும் நம்மிடம் ஒரு நல்ல மரபு இருந்தது, இருக்கிறது. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியைக் கல்கி எழுதினார். ஆனந்த விகடன் மதிப்பெண் போடத் தொடங்கியபின், ‘16 வயதினிலே’ 62.5 மதிப்பெண் வாங்கியதைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் திண்ணையில் யாரும் சித்தியிடம் மதிப்பெண் கேட்டதில்லை. "உனக்கு எந்த எடம் பிடிச்சுது?" என்றுதான் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை, ஒரு படத்தைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வி அதுதான். "நல்லா இருக்கு" என்பதை யாரும் சொல்லிவிடலாம். "இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது" என்று சொல்வதற்கு அந்தப் படத்தோடு உண்மையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அங்கே இருந்தது. சித்திக்குச் சண்டை பிடிக்காது, அழுகை பிடிக்கும், பிள்ளைகள் துன்பப்படும் படம் என்றால் மனம் இளகிவிடும் என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவள் ஒரு படத்தைக் கொண்டாடினாலும் குறை சொன்னாலும், அதில் எவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கும் எல்லோரிடமும் இருந்தது. சொல்கிறவரைத் தெரியும் என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. ரசனையில் எனக்கு நேர் எதிரான ஒரு நண்பர் இருக்கிறார். அவருக்குத் தூக்கம் வந்த படங்களை நான் தேடிப்போய்ப் பார்க்கிறேன், பெரும்பாலும் ஏமாந்ததில்லை. முகம் தெரியாத பத்தாயிரம் பேரின் சராசரியிலிருந்து இத்தகைய வழிகாட்டுதல் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்று அந்தக் கேள்வி கேட்கப்படும் இடம் மாறிவிட்டது. முதல் நாள் முதல் காட்சி முடிந்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கண் பழகுவதற்குள், வாசலில் ஒலிவாங்கி நீள்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். காசு கொடுத்துப் பார்த்தவரின் வாயை மூடும் உரிமை யாருக்கும் இல்லை. என் கவலை, பேசுகிறவர்களைப் பற்றியதன்று. அவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பற்றியது. சித்திக்கு ஒரு முழு இரவு இருந்தது. இரவுக்காட்சி முடிந்து வயல் வரப்பில் நடந்து வந்து, படுத்து, எழுந்து, உலை வைத்து, அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள். வாசலில் நிற்கும் இளைஞருக்கோ அரை நிமிடம்கூட இல்லை. அந்த அரை நிமிடத்தில் கொண்டாட்டமோ வசையோ, இரண்டில் ஒன்றுதான் வாயில் வரும்.

அவசரப்பட்டதால் நாம் இழந்தவை உண்டு. 2003ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ திரையரங்குகளில் வசூலில் தோற்றது. பின்னர் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2024 செப்டம்பரில் வெளியான ‘மெய்யழகன்’, நீளமாக இருக்கிறது என்ற பேச்சு எழுந்ததால், வெளியான சில நாள்களிலேயே ஏறக்குறைய பதினெட்டு நிமிடம் குறைக்கப்பட்டது. நீடாமங்கலத்தில் ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் படம் அது. இரவு நீளமாகத்தான் இருக்கும். முழு வடிவத்தைத் திரையரங்கில் பார்த்த சிலரில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. குறைத்த வடிவத்தை மட்டும் பார்த்தவர்களை நினைத்தால் வருத்தம். அதே மாதம் வந்த ‘லப்பர் பந்து’, பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்ன சொல்லாலேயே வாரக்கணக்கில் ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். ரசிகர் வாக்குக்கு இன்னும் அந்த வலிமை இருக்கிறது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ‘வாழை’, ‘கொட்டுக்காளி’ என்ற இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளிவந்தன. நண்பர்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றையும் மாலை மற்றொன்றையும் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குத் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களில் ஒருவரின் தந்தை ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் சுமந்தவர். மாரி செல்வராஜ் தன் இளமைப் பருவத்திலிருந்து எடுத்த ‘வாழை’யைப் பற்றி நாங்கள் மூவரும் இறுதியில் வரும் லாரி விபத்தையே பேசிக்கொண்டிருக்க, அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போகும் வரை கண்ணாடிக் குவளையைக் கையில் வைத்திருந்துவிட்டு, "தார் தலையில இருக்கும்போது கழுத்தத் திருப்ப முடியாது. சேத்துல கால் புதையும், குனிஞ்சும் பாக்க முடியாது. அந்தப் பையன் நடக்கதப் பாத்தா எங்கப்பா நடக்க மாதிரியே இருந்துது" என்றார். தந்தை தலையில் வைத்த சும்மாடு ஒன்று இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றும் சொன்னார். பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. ஒரு படத்தைப் பற்றிய பேச்சில்தான் அது வெளியே வந்தது.

வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் அன்றைய பெஞ்ச் இரண்டாகப் பிரிந்தது. பின்னணி இசையே இல்லாத படம். பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி மீனா என்ற பெண்ணை ஆட்டோவில் ஏற்றி ஒரு குடும்பமே பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போகிறது. அவள் ஏறக்குறைய முழுப் பயணத்திலும் வாய் திறப்பதில்லை. வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. உடன் வந்த ஆண்களால் நகர்த்த முடியாத அந்தக் காளையை ஒரு சிறுமி வந்து எளிதாக ஓட்டிச் செல்கிறாள். இந்த இடம் எங்கள் நால்வருக்குமே பிடித்திருந்தது. முடிவுதான் பிரச்சினை. மீனாவைக் கட்டிக்கொள்ள இருக்கிற பாண்டி, அந்தப் பூசாரியிடம் இன்னொரு பெண் படும் பாட்டைப் பார்த்து நிற்கிறான். அதன் பிறகு அவன் என்ன செய்தான் என்று படம் சொல்லவில்லை. "முடிக்கத் தெரியாம விட்டுட்டாங்க" என்று ஒரு நண்பர் கோபமாகவே எழுந்து போனார். இரண்டு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. "திரும்பிப் போயிருப்பான்னு நெனைக்கிறீங்களா?" என்றுதான் தொடங்கினார். தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் இருந்தபோது திடீரென்று அந்தப் படம் நினைவுக்கு வந்ததாகச் சொன்னார். முதல் நாள் இரவு அவர் கோபப்பட்டதும் உண்மை, இரண்டு வாரம் கழித்துக் கேட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்தால்தான் அவருடைய அபிப்பிராயம்.

சித்திக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. கண் புரை அறுவைக்குப் பிறகும் பார்வை தெளிவில்லை. தொலைக்காட்சியைக் கேட்கிறாள், பார்ப்பதில்லை. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது, அதே திண்ணையில் உட்கார்ந்து, அவள் எனக்குச் சொன்னது போலவே நான் அவளுக்குக் ‘கொட்டுக்காளி’யைச் சொன்னேன். காளை மறித்த இடத்தில் சிரித்தாள். முடிவைச் சொன்னதும், கதை முடியாத படத்தை ஒருநாளும் மன்னிக்காத சித்தி திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் விரல்கள் மடியில், இல்லாத இலையைச் சுருட்டுவதுபோல மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"ஏய்யா, அப்பம் அந்தப் பிள்ள இன்னும் ஆட்டோக்குள்ளதான் இருக்காளா?" என்று கேட்டாள்.

ஆமாம் சித்தி, என்றேன்.

நன்றி, வணக்கம்.